உப்பு வரப்பில் ஒரு சைக்கிள் பரீட்சை

விழுந்தபோது முதலில் தெரிந்தது வலி அல்ல, சூடு. பங்குனி வெயிலில் காலையிலிருந்து காய்ந்துகொண்டிருந்த உப்புப் பாத்தித் தண்ணீர் கஞ்சிச் சூட்டில் இருந்தது. அதில் நான் இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தேன். கணுக்கால் அளவுதான் ஆழம். அதில் யாரும் மூழ்க முடியாது. முடிந்திருந்தால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சைக்கிள் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதன் பின்சக்கரம் மட்டும் ஒன்றும் நடக்காதது மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. வரப்பின் மேல் மூன்று ஆண்கள் நின்றார்கள். எங்கள் அதிகாரி, என்னோடு வேலை பார்த்த குமரேசன், பியூன் முனுசாமி. மூவரும் என்னைப் பார்க்காமல், மிகுந்த மரியாதையோடு, ஆளுக்கொரு திசையில் கடலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடி கிடி பட்டுச்சாம்மா?" என்று அதிகாரி வானத்தைக் கேட்டார்.

"இல்லீங்க சார்."

முழங்கைச் சிராய்ப்பில் உப்புத் தண்ணீர் ஏறிக் கண்ணில் நீர் முட்டியது. அழுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பு அழுகையைவிட மோசமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எழுபதுகளின் நடுவில் மரக்காணத்தில் நடந்தது இது. உப்பளத்தை ஒட்டி இருந்த ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களில் சிலர் இன்றும் என் வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கிறவர்கள்.

பீரோவுக்குப் பின்னால்

நான் வேலையில் சேர்ந்த நாளில், அந்த அலுவலகத்துக்குள் அதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. என்னை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெரிய இரும்பு பீரோவை நகர்த்தி, அதற்குப் பின்னால் என் மேஜையைப் போட்டார்கள்.

"வர்றவன் போறவன் எல்லாம் பாப்பானுங்கம்மா. மறைவா இருக்கட்டும்" என்றார் அதிகாரி.

மின்விசிறிக் காற்றும் பீரோவைத் தாண்டி வராது. அவ்வளவு மறைவு. உப்பு வியாபாரிகள் வந்தால் டைப் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். "உள்ளார இருக்கிற தம்பிகிட்ட சொல்லுங்க, சீக்கிரம் அடிச்சுத் தரச்சொல்லி" என்பார்கள். நான் எட்டிப் பார்த்தால் பதறி எழுந்து நிற்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு அதுவே பெரிய கௌரவமாக இருந்தது. அரசாங்கமே எனக்காக ஒரு பீரோவை நகர்த்தியிருக்கிறது என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வானூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், எங்கள் கோயில் தெருவில், டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிய முதல் பெண் நான். பிலோமினா என்றால் சுற்று வட்டாரத்தில் கொஞ்சம் பெயர். தலைக்கனத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. முதல் நாள் சாயங்காலம் முனுசாமி ஒரு டப்பா கோலமாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"இன்னா இது?"

"கோலம் போடணும்மா. ஐயா சொன்னாரு. இத்தினி வருஷமா நான்தான் ரெண்டு கோடு இழுத்துட்டு இருந்தேன். இப்பதான் லேடீஸ் ஸ்டாஃபு வந்தாச்சே."

எனக்குக் கோலம் வராது. வீட்டில் அம்மா போடுவாள், நான் மிதிப்பேன். ஆனால் வருமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. பெண் என்றால் வரும், அவ்வளவுதான். நானும் விட்டுக்கொடுக்காமல் வாசலில் குந்தி உட்கார்ந்து ஒரு தாமரை போட்டேன். மறுநாள் காலையில் அதிகாரி வந்து வெகுநேரம் பார்த்தார். "கட்டுமரம் ரொம்ப நல்லா வந்திருக்குதும்மா" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நான் கட்டுமரமே போட்டேன்.

ஏணியின் முதல் படி

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டுமானால் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சை எழுத வேண்டுமானால் அதற்கு முன் ஒரு வருடம் ஃபீல்டில் வேலை பார்த்திருக்க வேண்டும். அதாவது வரப்பு வரப்பாகப் போய், உப்புக் குவியல்களை அளந்து, பாத்தித் தண்ணீரில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று பார்த்துக் குறித்து வர வேண்டும். வருடத்துக்கு ஒருவரை அனுப்புவார்கள். யாரை அனுப்புவது என்பது அதிகாரியின் கையில்.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், இன்ஸ்பெக்டர் ஆனார்கள், வேறு ஊர் போனார்கள். பிரிவு உபசாரத்தில் அவர்களுக்கான வாழ்த்து மடலை நான்தான் டைப் அடித்தேன். தப்பில்லாமல் அடிப்பேன் என்று அதிலும் எனக்கு ஒரு பெருமை.

பிறகு குமரேசன் முறை வந்தது. பக்கத்து மீனவக் குப்பத்துப் பையன், தங்கமானவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஃபைலில் எது மேலே வரும் எது கீழே வரும் என்பதுகூட நான் சொல்லிக்கொடுத்துத்தான் அவனுக்குத் தெரியும். ஒருநாள் பீரோவுக்குப் பின்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, இந்த வருஷம் ஃபீல்டுக்கு என்னைப் போடப்போறாங்களாம். நானா கேக்கலக்கா. சத்தியமா."

"நல்லது தம்பி" என்றேன். அவன் போனதும் பீரோவின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். கோபமும்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக அதிகாரியின் அறைக்குப் போனேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவரே இல்லை. யாரையும் அதட்டிப் பேசிப் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. அவருடைய சைக்கிள் அந்த வட்டாரத்தில் பிரபலம். பச்சை வெல்வெட் சீட், டைனமோ விளக்கு. முனுசாமி தினமும் காலையில் காற்றடித்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். அதிகாரி குவார்ட்டர்ஸிலிருந்து அதைப் பிடித்தபடி நடந்து வருவார், சாயங்காலம் பிடித்தபடி நடந்து போவார். வழியில் எல்லோரிடமும் நின்று பேசுவார். பெரிய மனிதர் என்றால் இப்படி நிதானமாக இருக்க வேண்டும் என்று நான் என் கணவரிடம் உதாரணம் காட்டுவேன்.

நான் உள்ளே போனதும் அவர் டீ சொன்னார். இல்லை என்று சொல்லப்போகிறார் என்றால் முதலில் டீ வரும்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வெயிலு? நீ என் பொண்ணு மாதிரி. என் பொண்ணை நான் வரப்புல அனுப்புவனா?"

ஜன்னலுக்கு வெளியே வரப்பில் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தலையில் உப்புக் கூடை, கூடையிலிருந்து வடிந்த தண்ணீர் முதுகில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. நான் ஜன்னலைக் காட்டினேன்.

"அவங்க வேறம்மா. அவங்க கூலி. நீ ஸ்டாஃபு."

"குமரேசனும் ஸ்டாஃபுதானுங்களே சார்?"

அவர் டீயை ஆற்றினார். ஆற்றத் தேவையில்லாத அளவுக்கு அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"ஃபீல்டுன்னா சைக்கிள் வேணும்மா. வரப்புல சைக்கிள் ஓட்டிட்டுப் போவணும். ரூல்லயே இருக்குது. உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்" என்றேன்.

எனக்குத் தெரியாது. சைக்கிளின் கேரியரில் உட்காரக்கூட ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் என் வாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. மூளை யோசித்து முடிப்பதற்குள் அது பதில் சொல்லிவிடும். என் வாழ்க்கையின் நல்லது கெட்டது இரண்டுக்கும் அந்த வாய்தான் காரணம்.

"அப்படின்னா வர்ற வாரம் பாத்துடலாம்" என்றார் அவர். என் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது அவர் புன்னகையில் தெரிந்தது.

கழுவெளி ஓரத்தில் ஒரு சர்க்கஸ்

நான் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கணவர் ஆரோக்கியத்தைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு மில்லில் வேலை, வாயைத் திறந்தால் கிண்டல். விஷயத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, போய் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துவந்தார். அதனால்தான் அவரோடு இன்னும் குடித்தனம் நடத்துகிறேன்.

ஊருக்குள் ஓட்டினால் மானம் போகும் என்று கழுவெளி ஏரியின் ஓரத்துக்குப் போனோம். கோடையில் அங்கே தண்ணீர் வற்றித் தரை இறுகிக் கிடக்கும். ஆடுகள் மட்டும்தான் பார்க்கும் என்று நினைத்தேன். ஆடுகள் இருந்தால் மேய்க்கிறவர்களும் இருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

சைக்கிளோ ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிள். அலுவலகத்து சைக்கிளும் அப்படித்தான். புடவையோடு அந்த பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட முடியாது. ஆகவே சின்னப் பிள்ளைகள் மாதிரி பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரங்குப் பெடல் போட்டேன். கழுத்தில் தாலி, காதில் கம்மல், இடுப்பில் தூக்கிச் செருகிய கொசுவம், கல்யாணமான அரசாங்க ஊழியர். ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

"இன்னா பிலோ, நேராப் பாரு! கீழ பாக்காத!" என்று கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார் ஆரோக்கியம்.

"கீழதான விழப்போறேன், கீழ பாக்காம எங்க பாக்குறது?"

"விடப்போறேன்!"

"விட்டீங்கன்னா ராத்திரிக்குச் சோறு கிடையாது!"

அவர் விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. தூரத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தார். அது தெரிந்ததும் விழுந்தேன்.

வார முடிவில் எனக்கு நேராகப் போகத் தெரிந்தது. திரும்பத் தெரியாது. இறங்கவும் தெரியாது. எங்காவது முட்டினால்தான் நிற்பேன். ஆனால் வரப்பு என்பது நேர்க்கோடுதானே, அதில் திரும்ப என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கோலம் போட்ட அதே மூளைதான் அந்தக் கணக்கையும் போட்டது.

பரீட்சை

அலுவலகத்துக்குப் பின்னாலிருந்து நேராகக் கடலை நோக்கி ஒரு வரப்பு போகும். அதன் முனையில் ஃபீல்டு ஸ்டாஃபுக்கான ஓலைக் கொட்டகை. அங்கே வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்ப வேண்டும். இதுதான் பரீட்சை. பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வாரியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மரக்காணத்தில் நாங்கள் குடியிருந்த தெருவைச் சேர்ந்த அஞ்சலையும் அதில் இருந்தாள்.

"இன்னாம்மா பிலோமினா, சர்க்கஸ்ல சேந்துட்டியா?" என்று கத்தினாள்.

மதகுக் கல்லில் ஏறி நின்று, அலுவலகத்து சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கிளம்பினேன். கொஞ்ச தூரம் ஓட்டினேன். உண்மையாகவே ஓட்டினேன். இரண்டு பக்கமும் வெள்ளை, எதிரே கடல், முகத்தில் காற்று. அந்தக் கொஞ்ச தூரத்தில் எனக்கு இருந்த சந்தோஷம், பிற்பாடு பதவி உயர்வு ஆர்டர் வந்தபோதுகூட இருந்ததில்லை. இன்ஸ்பெக்டராகிவிட்டேன் என்றே நினைத்துவிட்டேன்.

பிறகு மடை வந்தது. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீர் விட வரப்பை அங்கங்கே வெட்டியிருப்பார்கள். என் நேர்க்கோட்டுக் கணக்கில் அது இல்லை. நான் எங்கே போய் உட்கார்ந்தேன் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

அஞ்சலை வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். "விளைய வெச்ச உப்பையெல்லாம் கலைச்சுட்டியேம்மா" என்று சிரித்தாள். புடவை அதற்குள் காய ஆரம்பித்து, அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது.

"போதும்மா" என்றார் அதிகாரி, மிக மிருதுவாக. "முயற்சி பண்ணியே, அதுவே பெரிசு. போய்த் துணி மாத்திக்க. மத்தியானம் வரவேணாம், லீவு போட்டதா நெனைக்க மாட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தலை குனிந்து போயிருப்பேன். அந்த அன்புதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"சார், அடுத்தது குமரேசன் ஓட்டட்டும்."

"அவனுக்கு எதுக்கும்மா? அவன் டெய்லி சைக்கிள்லதான வர்றான்?"

"ரோட்டுல வர்றாரு. பரீட்சை வரப்புலதானுங்களே? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுன்னா அவரும் ஓட்டிக் காட்டட்டும்."

குமரேசன் மறுபேச்சுப் பேசாமல் சைக்கிளைப் பாத்தியிலிருந்து எடுத்து, ஹாண்டிலைத் திருப்பி நேராக்கி, ஏறினான். கச்சிதமாக ஓட்டினான். நானே வலியக் கேட்டு அவனுக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கிறேனே என்று என் வாயை நானே சபித்துக்கொண்டேன்.

மடை வந்தது. குமரேசன் சாவதானமாக இறங்கினான். சைக்கிளைத் தூக்கி மடையைத் தாண்டி வைத்தான். அங்கிருந்து கொட்டகை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். போய்ச் சேர்ந்ததும் மணி அடித்தான். திரும்பவும் தள்ளிக்கொண்டே வந்தான். முகத்தில் ஒரு குறையும் இல்லை.

"ஏம்பா, இறங்கிட்ட?" என்றார் அதிகாரி.

"மடை இருக்குதுங்களே சார். அதுக்கு அந்தாண்ட மண்ணு வழுக்கும். எல்லாரும் இங்க இறங்கித்தானே தள்ளுவாங்க?"

"யாரு எல்லாரும்?"

"ஃபீல்டுக்குப் போன எல்லாரும் சார். யாரும் ஓட்டி நான் பாத்ததில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் பார்த்திருக்கிறேன். டீ கொண்டுபோகும்போதும் ஃபைல் கொண்டுபோகும்போதும், அதிகாரி அறையின் அதே ஜன்னல் வழியாக, வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவராக அந்த வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் ரூலில் ஓட்ட வேண்டும் என்று இருந்ததால், ஓட்டுகிறார்கள் என்றே நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காகக் கழுவெளியில் ஒரு வாரம் ஆடுகளுக்கு நடுவே குரங்குப் பெடல் வேறு போட்டேன்.

"தள்ளுறதுதான்னா, நான் இவரைவிட நல்லாத் தள்ளுவேன் சார்" என்றேன்.

பாத்தியில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் என் வாய் இன்னும் ஒரு படி போனது.

"இல்ல, இந்த வரப்புல ஓட்டத்தான் வேணும்னா, நீங்க ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க சார். எப்படின்னு பாத்துக்குறேன்."

அதிகாரி திரும்பி, மதகில் சாத்தியிருந்த தன் பச்சை சீட் சைக்கிளைப் பார்த்தார். போய் அதன் டயரை விரலால் அழுத்தினார்.

"காத்து கம்மியா இருக்குது" என்றார்.

"காலைலதானுங்க சார் அடிச்சேன்" என்றார் முனுசாமி.

அந்த மனிதரை அதிகாரி பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

தள்ளிக்கொண்டு போன வருடம்

அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. சீனியாரிட்டிப்படி அந்த வருடம் பிலோமினா, அடுத்த வருடம் குமரேசன். "ரொம்ப சந்தோஷம்க்கா" என்று குமரேசன் சொன்னபோது அவன் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. அவனுக்கும் ஒரு வருடம் போயிற்றே. ஆனாலும் மனசாரத்தான் சொன்னான்.

சைக்கிள் ரூலை எடுத்துவிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. எடுத்தால் ஃபீல்டு ஸ்டாஃபின் சைக்கிள் அலவன்ஸும் போய்விடும் என்று எல்லோரும் பதறிவிட்டார்கள். அதனால் 'வரப்பில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்' என்பதை மாற்றி, 'வரப்பில் சைக்கிளுடன் செல்லத் தக்கவர்' என்று ஆக்கினார்கள். அதையும் நான்தான் டைப் அடித்தேன். கண்ணியமான வாசகம்.

ஆகவே அந்த வருடம் முழுவதும், ஆண்களுக்குச் சரிநிகர் சமானமாக, எதற்கும் பயன்படாத ஒரு சைக்கிளை வெயிலில் தள்ளிக்கொண்டு நடந்தேன். மடை வந்தால் தூக்கித் தாண்டினேன். "ஏம்மா, அது உன்னைக் கூட்டிட்டுப் போவுதா, நீ அதைக் கூட்டிட்டுப் போறியா?" என்று அஞ்சலை தினமும் கேட்பாள். மத்தியானத்தில் அவளும் மற்றப் பெண்களும் கொட்டகைக்கு வந்து நிழலில் உட்கார ஆரம்பித்தார்கள். ஸ்டாஃபுக்கு மட்டும் என்று எழுதியிருந்த பலகையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ரிப்போர்ட் எழுதினேன். அந்த வருடம் அவ்வளவு காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

பரீட்சை எழுதினேன், பாஸ் பண்ணினேன். நான் பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தபோது, என் மேஜையைத் தூக்கி மின்விசிறிக்கு அடியில் போட்டவர் அந்த அதிகாரியேதான்.

பச்சை சீட் சைக்கிள்

அவர் ரிட்டயர் ஆன நாளில் மாலை போட்டோம். மிக்சர், மைசூர் பாகு, டீ. வாழ்த்து மடலை இந்தத் தடவை குமரேசன் டைப் அடித்தான், நிறையத் தப்புகளோடு. எல்லாம் முடிந்ததும் அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனார். பச்சை வெல்வெட் கொஞ்சமும் தேயாமல் பளபளவென்று இருந்தது.

"இதை நீ வெச்சுக்கம்மா."

"ஐயோ, வேணாங்க சார். உங்களுக்கு வேணுமே? ஊர்ல போய் எதுல போவீங்க?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். முனுசாமி தூரத்தில் மிக்சர் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதும்மா" என்றார்.

காலையும் மாலையும் அவர் சைக்கிளைப் பிடித்தபடி நிதானமாக நடந்து வந்ததெல்லாம் கண் முன்னால் ஓடியது. பெரிய மனிதத்தனம் என்று வீட்டில் நான் செய்த உபதேசமும் ஞாபகம் வந்தது.

"சார், நீங்களும் ஃபீல்டு பாத்துட்டுத்தானே இன்ஸ்பெக்டர் ஆயிருப்பீங்க? அப்பவும் இதே ரூல் இருந்திருக்குமே. அப்புறம் எப்படி சார் உங்களை அனுப்பினாங்க?"

சைக்கிளின் மணியைக் கட்டைவிரலால் ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு, ஹாண்டிலை என் பக்கம் திருப்பினார்.

"என்னை யாரும் கேக்கலையேம்மா" என்றார்.